எட்டு டன் இரும்பும் ஒரு ‘சில் வூ ப்ளே’யும்

பாரம் தூக்குற தொழில்ல முதுகுக்கு அடுத்தபடியா தேய்ஞ்சு போறது காதுதான். சாமான் எவ்வளவு கனமோ அவ்வளவு சத்தமா எல்லாரும் கத்துவாங்க. தலைக்கு மேல இரும்பு தொங்கிட்டிருக்க, பாஷை தெரியாத இன்ஜினியர் ஒருத்தர் ஏதோ சொல்ல, அவர் வாயையே பார்த்து முழிச்ச அனுபவம் உங்களுக்கும் இருந்தா நீங்க எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

தொண்ணூத்தியொண்ணாம் வருசம். நான் மேஸ்திரி. படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுவும் பாதி. கைவசம் அஞ்சு ஆளு, சங்கிலியை இழுத்துப் பத்து டன் வரைக்கும் தூக்குற ஒரு செயின் பிளாக், அதை மாட்டுறதுக்கு ஆளுயரத்துக்கு மூணு மடங்கு இருக்குற இரும்பு முக்காலி, உருட்டுறதுக்குப் பைப்பு, ஆறு கடப்பாரை. ஒரகடம் பக்கத்துல புதுசா ஒரு கம்பெனி எழும்பிட்டிருந்தது. தகடு அடிக்கிற கம்பெனி. பிரான்ஸ்லருந்து நாலு பிரஸ் மெஷின் மரப்பொட்டியில வந்து இறங்கியிருந்தது. மேனேஜர் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு, முதல் மெஷினை நாங்க ஒழுங்கா அஸ்திவாரத்துல உட்கார வெச்சா மீதி மூணும் எங்களுக்குத்தான், இல்லேன்னா மெட்ராஸ்லருந்து கிரேன் வந்துடும்னு சொல்லிட்டார். நாலு மெஷின்னா ஆறு மாசத்துக்கு வேலை. என் ஆளுங்க எல்லாரும் பக்கத்து ஊரு வடக்குப்பட்டுக்காரங்க. பாதிப் பேரு கம்பெனிக்கு நிலத்தைக் குடுத்துட்டு, ஏர் புடிச்ச கையில கடப்பாரை புடிச்சு ரெண்டு வருசம்தான் ஆகுது. அந்த மூணு பொட்டியைத் தினமும் நாங்க பார்க்கிற பார்வை உங்களுக்குப் புரியும்.

ஒரு டம்ளர் தண்ணி

மெஷினோட கூடவே அதை மாட்டிக் குடுக்க ஒருத்தர் வந்தார். மார்செல் சார். ஒல்லியா, நெட்டையா, தலையில துணித் தொப்பி. இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை. ரெண்டு அரையைச் சேர்த்தாலும் ஒண்ணு ஆகலை. அதனால பாண்டிச்சேரியிலருந்து ஃபிலோமினா மேடத்தை வரவழைச்சாங்க. அவங்க அப்பா அந்தக் காலத்து பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவராம். வயசு முப்பதுக்குள்ளதான். ஆனா பேச்சுல கண்டிப்பு. திங்கக்கிழமை பஸ்ல வந்து இறங்குவாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போயிடுவாங்க.

முதல் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மார்செல் சார் நேரா எங்க தண்ணிப் பானைக்கிட்ட வந்தார். பானைப் பக்கத்துல கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். என் ஆளுங்கள்ல வாயாடி அவன்தான். சார் அவனுக்கு எதிர்ல நின்னு, தொப்பியைக் கழட்டிட்டு, ஒரு வாக்கியம் சொன்னார். நீளமான வாக்கியம். அது இந்தச் சத்தத்துல இருந்தது: ஜெ வூத்ரே அன் பெ தோ, சில் வூ ப்ளே. சொல்லிட்டு அப்படியே நின்னார். கன்னியப்பன் எழுந்து வேட்டியை இறக்கி விட்டுக்கினு என்னைப் பார்த்தான். ஏதோ பெரிய புகார்னு நினைச்சு நானும் ஓடினேன். மேடம் தூரத்துலருந்தே, தண்ணி கேக்கறாருன்னு சொன்னாங்க. கன்னியப்பன் டம்ளரை மொண்டு குடுத்தான். அவர் குடிச்சு முடிச்சு, அதுக்கும் ஏதோ சொல்லிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கினே கன்னியப்பன் சொன்னது:

“இன்னா மேஸ்திரி இது, ஒரு டம்ளர் தண்ணிக்கு இம்மாம் நீளம் பேசுனா, பிரஸ்ஸைத் தூக்குறதுக்குள்ள பொங்கலு வந்துடுமே.”

பொட்டி மேல சாக்பீஸ்

எனக்குப் படிப்பு ஏறாதே தவிர காது நல்ல காது. ஒரு தடவை கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்வேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மேடம்கிட்டப் போய் அந்த வாக்கியத்தை ஒப்பிச்சேன். அவங்களுக்கு ஆச்சரியம். அர்த்தம் என்னன்னு கேட்டேன். சாக்பீஸை எடுத்து மெஷின் பொட்டி மேலயே நாலு கட்டம் போட்டு, தமிழ் எழுத்துலயே எழுதிக் காட்டினாங்க.

முதல் கட்டம், ‘ஜெ’. நான். அது சுலபம். ரெண்டாவது, ‘வூத்ரே’. இதுலதான் விசயம் இருக்குன்னாங்க. ‘வேணும்’னு சொல்ல அவங்களுக்கு வேற வார்த்தை இருக்கு. அதை நேரா சொன்னா அதட்டுற மாதிரி இருக்குமாம். அதனால வார்த்தையோட கடைசியை வளைச்சு, ‘கிடைச்சா நல்லாருக்கும்’ங்கிற மாதிரி ஆக்கிடறாங்க. மூணாவது, ‘அன் பெ தோ’, கொஞ்சம் தண்ணி. நாலாவதுதான் சில் வூ ப்ளே. அதைப் பிரிச்சா, ‘அது உங்களுக்குப் பிடிச்சிருந்தா’. வெறும் தண்ணிக்கு. அதுலயும் ‘வூ’ன்னா நீங்க. ‘நீ’க்கு வேற வார்த்தை இருக்கு, ‘தூ’. வீட்டு மனுசங்களுக்கு, சிநேகிதக்காரங்களுக்கு.

நம்ம பாஷையில இதெல்லாம் இல்லையே மேடம்னேன். ஏன் இல்லை, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரை எப்படிக் கேப்பீங்கன்னு கேட்டாங்க. ‘கொஞ்சம் நகருங்களேன்’னு கேப்பேன்னேன். ‘நகரு’ங்கிறதுதான் வேலை, முன்னால ‘கொஞ்சம்’, பின்னால ‘ங்க’, அதுக்கும் பின்னால ‘ளேன்’, இதெல்லாம் எதுக்கு ஒட்ட வெச்சீங்கன்னு கேட்டாங்க. நாப்பது வருசமா என் வாயில இருந்த சாமானை அன்னிக்குத்தான் நான் கழட்டிப் பார்த்தேன். அவங்க முன்னாலயும் பின்னாலயும் தனித்தனி வார்த்தையா வெக்கிறதை, நாம பெரும்பாலும் வால்ல ஒட்டிடறோம். எல்லாம் சரி, இவ்வளவு சுத்தி வளைக்கணுமான்னு கேட்டேன். மேடம் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கிட்டே சொன்னாங்க:

“மேஸ்திரி, வாஷர் போடாம நட்டை முடுக்குனா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?”

கடைசிச் சத்தம்

பொட்டியைப் பிரிச்சு, பிரஸ்ஸோட உடம்பை, அதாவது எட்டு டன் கட்டையை, பைப்பு மேல ஏத்தி அஸ்திவாரக் குழிப் பக்கம் உருட்டிட்டுப் போறோம். எங்க வேலையில ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரியும். குரல் குடுக்கிறவன் நீட்டி இழுத்து, கடைசிச் சத்தத்துல அழுத்தம் குடுப்பான். அந்தக் கடைசிச் சத்தத்துலதான் எல்லாரும் ஒண்ணா உந்தணும். முதல்ல என்ன சொன்னான்னு எவனும் கவனிக்க மாட்டான். ‘தம் புடி’ன்னு சொன்னாலும் ‘மாமன் வந்தான்’னு சொன்னாலும் முடிவுல ‘போடு’ன்னு விழுந்தா உந்து, அவ்வளவுதான்.

குழிக்கு ரெண்டடி இருக்கும்போது, மெதுவா போகணும்னு மார்செல் சாருக்குத் தோணிச்சு. பக்கத்துல வந்து கையைத் தாழ்த்திக் காட்டி, ‘தூஸ்மான்’னு இழுத்தார். அவங்க பாஷையில மெதுவான்னு அர்த்தமாம். அதோட நிறுத்தியிருந்தா வம்பில்லை. மரியாதை போயிடுமேன்னு கூடவே ‘சில் வூ ப்ளே’ன்னார். அந்த ‘ப்ளே’ சரியா எங்க ‘போடு’ விழுற இடத்துல விழுந்தது. கடப்பாரையில இருந்த அஞ்சு பேரும் பல்லைக் கடிச்சு உந்திட்டாங்க. நானும்தான். கட்டை ஒண்ணரை அடி ஓடி, குழி விளிம்புல வந்து நின்னது. மார்செல் சார் மூஞ்சியில ரத்தமே இல்லை. யாருக்கும் அடி படலை, அது புண்ணியம். மேடம் வந்து விசயத்தைக் கேட்டு, அவருக்கு எடுத்துச் சொன்னதும் அவர் சிரிச்சுட்டார். அன்னியிலருந்து வேலை நடக்கும்போது அவர் மேடம்கிட்டச் சொல்றது, மேடம் எனக்குச் சொல்றதுன்னு ஏற்பாடு. அவர் எவ்வளவு நீளமா சொன்னாலும் மேடம் அதைச் சுருக்கி, ‘தள்ளச் சொல்றாரு’, ‘நிறுத்தச் சொல்றாரு’ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவாங்க. எங்களுக்கும் வசதி.

ஆனா வரதன் சார் சிரிக்கலை. எல்லாரையும் நிக்க வெச்சு, என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்:

“ஏழுமலை, இன்னொரு வாட்டி இது இப்படி ஓடுச்சுன்னா, அடுத்த நிமிசம் கிரேன்காரனுக்கு போன் போட்டுடுவேன். அப்புறம் என் முன்னாடி வந்து நிக்காத.”

நாய்க்கும் மரியாதை

மார்செல் சாருக்கு நாலு தமிழ் வார்த்தை கத்துக்கணும்னு ஆசை. மேடம் சொல்லிக் குடுத்தாங்க. வாத்தியார் கண்டிப்பானவங்களாச்சே, மரியாதையாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. வாங்க, போங்க, நகருங்களேன், கொஞ்சம் பாருங்களேன். வெறும் ‘வா’, ‘போ’ இருக்கிறதே அவருக்குத் தெரியாது.

எங்க ஷெட்டுல ஒரு செவலை நாய் உண்டு. பொட்டிக்குள்ள இருக்கிற வைக்கோல்ல வந்து படுத்துக்கும். ஒரு நாள் சார் ஸ்பேனர் பெட்டியை எடுக்கப் போனா, நாய் அது மேலயே படுத்திருக்கு. அவர் குனிஞ்சு, ரொம்பப் பணிவா, “கொஞ்சம் நகருங்களேன்”னார். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கிச்சு. அவர் மறுபடியும் சொல்லிட்டு, அது எழுந்து போற வரைக்கும் இடுப்புல கை வெச்சுக்கினு காத்திருந்தார். அதே நேரம் அந்தாண்ட வரதன் சார் என் ஆளுங்களைப் பார்த்து, டேய் இங்க வா, டேய் அதைத் தூக்குன்னு விரட்டிட்டிருந்தார். அவர்கிட்ட வஞ்சகம் கிடையாது, வாய் மட்டும் அப்படி. நானும் என் ஆளுங்ககிட்ட அந்த வாய்தான். பாரம் கொக்கியில தொங்குறப்ப மேஸ்திரி வாயைத் தவிர வேற வாய் திறக்கக்கூடாதுன்னு எங்ககிட்ட சட்டம். போன வருசம் நடுவுல பேசினான்னு அந்தோணிங்கிற பையனை, பிள்ளைகுட்டிக்காரனை, நான் கை நீட்டி அறைஞ்சிருக்கேன்.

கன்னியப்பன் நாயையும் பார்த்தான், மேனேஜரையும் பார்த்தான். பைப்பைத் தோள்ல வெச்சுக்கினே சொன்னான்:

“மேஸ்திரி, அந்த நாயோட வேலையை எனக்கு வாங்கிக் குடுத்துடு.”

வீட்டுல ஒரு ஒத்திகை

கத்துக்கிட்ட வாக்கியத்தைச் சும்மா வெச்சிருக்க மனசு வருமா. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என் சம்சாரம் கஸ்தூரிகிட்ட அதை அப்படியே தமிழாக்கிச் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைச்சா நல்லாருக்கும் கஸ்தூரி, உனக்கு இஷ்டமிருந்தான்னேன். அவ அடுப்பாண்டயிருந்து எழுந்து வந்தா. என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. சூடு இல்லை. அப்புறம் தரையில உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டா:

“நேரா சொல்லுயா. அந்த மூணு மிசினும் கிரேனுக்குப் போயிடுச்சா?”

தூக்கலாமா

கடைசியா மெஷினைப் போல்ட்டு மேல இறக்குற நாள். திங்கக்கிழமை. ரெண்டு நாளா விடாம மழை. பஸ்ஸெல்லாம் தாமதம், ஃபிலோமினா மேடம் வந்து சேரலை. வரதன் சாருக்குக் காத்திருக்க முடியாது, அன்னிக்கே உட்கார்ந்தாகணும்னார். குழிக்குக் குறுக்க பாலம் மாதிரி ரெண்டு இரும்புப் பட்டம் போட்டு, அது மேல கட்டையை உருட்டி நிறுத்தியாச்சு. மேல முக்காலி, செயின் பிளாக் எல்லாம் ரெடி. இனிமே கட்டையை ஒரு ஜாண் தூக்கணும், கன்னியப்பனும் அந்தோணியும் குழிக்குள்ள இறங்கி அந்தப் பட்டங்களை உருவணும், அப்புறம் மெதுவா போல்ட்டு மேல இறக்கணும். அந்த ஒரு ஜாண் நேரம் ரெண்டு பேரும் எட்டு டன்னுக்கு அடியில இருப்பாங்க.

சங்கிலியை இறுக்கினோம். வரதன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கினு நிக்கிறார். மார்செல் சார் எனக்கு எதிர்ல வந்து, தொப்பியைக் கழட்டினார். “முசியே மேஸ்திரி, ஜெ வூத்ரே லெவே, சில் வூ ப்ளே”ன்னார். ‘முசியே’ன்னா ஐயா, ‘லெவே’ன்னா தூக்குறது, ரெண்டும் எனக்கு அதுக்குள்ள பழகியிருந்தது. மேடம் இருந்திருந்தா, ‘தூக்கச் சொல்றாரு’ன்னு முடிச்சிருப்பாங்க, நானும் குரல் குடுத்திருப்பேன். சுருக்க ஆள் இல்லாததால அன்னிக்கு வாக்கியம் முழுசா என்கிட்ட வந்துடுச்சு. தூக்கினா நல்லாருக்கும், அது உங்களுக்குச் சரின்னா. சொல்லிட்டு அவர் பாரத்தைப் பார்க்கலை. அன்னிக்குப் பானைக்கிட்ட நின்ன மாதிரியே, என் மூஞ்சியைப் பார்த்துக்கினு நின்னார். இருபது வருசத்துல ஒரு இன்ஜினியரும் என் பதிலுக்காக நின்னதில்லை. தூக்குன்னா தூக்கியிருக்கேன். எனக்குச் சரியான்னு ஒருத்தர் கேட்டதும் என் கை சங்கிலியில நின்னுடுச்சு. சரியான்னு எனக்கு எப்படித் தெரியும். குழிக்குள்ள இறங்கப் போறது நான் இல்லையே.

திரும்பி என் ஆளுங்களைப் பார்த்தேன். அந்த வார்த்தை என் வாயிலருந்து எப்படி வந்ததுன்னு இப்பவும் தெரியலை. தூக்கலாமா கன்னியப்பா, உனக்குச் சரியா படுதான்னு கேட்டேன். பாரம் கொக்கியில இருக்கு, பேசினா அறை விழுமோன்னு என் கையைப் பார்த்தான். அப்புறம் முக்காலியோட மேற்குக் காலைக் காட்டினான். அந்தக் கால் காலையிலருந்து இறங்கிட்டிருக்குன்னான். அந்த மூலை முன்ன அவங்க கழனிக்குத் தண்ணி வந்த வாய்க்காலாம். கம்பெனிக்காரங்க மேலே மண்ணைப் போட்டு மூடிட்டாங்க, அடியில எல்லாம் சேறுதான்னான். இதை ஏண்டா முன்னாடியே சொல்லலைன்னு எனக்குக் கோவம் வந்தது. அவன் சாதாரணமா சொன்னான், “நீ கேக்கலையே மேஸ்திரி.”

நான் மார்செல் சார்கிட்டத் திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சு, நோ சார்னேன். வரதன் சார் கத்த ஆரம்பிச்சுட்டார். மார்செல் சார் ஒரு கம்பியை எடுத்து அந்த மேற்குக் கால் ஓரத்துல குத்தினார். கம்பி ஒரு முழம், வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கிச்சு. அதைப் பிடுங்கி, நுனியில ஒட்டியிருந்த கறுப்புச் சேத்தைக் கன்னியப்பன்கிட்டக் காட்டி, தலையைக் குனிஞ்சு ‘மெர்ஸி’ன்னார். மெர்ஸின்னா நன்றி. வரதன் சாரும் அந்தச் சேத்தைப் பார்த்தார். கத்துறதை நிறுத்திட்டார். ஆனா ஆபீசுக்குப் போய் போனை எடுத்துட்டார். வியாழக்கிழமை காலையில கிரேன் வந்து நிக்கும்னு அட்டெண்டர் வந்து சொன்னான்.

எங்களுக்கு இருந்தது ரெண்டு நாள். சேத்தை இடுப்பளவு தோண்டி வெளியே போட்டோம். கருங்கல்லு கொட்டி, இடிச்சு, ரயில் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, அது மேல தடித் தகடு போட்டோம். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்த மேடமும் கல்லு எடுத்துக் குடுத்தாங்க. எங்கெங்க வாய்க்கால் போச்சுன்னு கன்னியப்பன் காலால அளந்து காட்ட, மார்செல் சார் மீதி மூணு மெஷின் வரப்போற இடத்தையும் படத்துல குறிச்சுக்கிட்டார். புதன்கிழமை மூணு மணிக்குத் தூக்கினோம். தூக்கறதுக்கு முன்னால அஞ்சு பேரையும் பேர் சொல்லிக் கேட்டேன். அஞ்சு பேரும் சரின்னாங்க. கட்டை ஒரு ஜாண் எழும்பிச்சு. மேற்குக் கால் ஒரு நூல்கூட அசையலை. பட்டம் ரெண்டும் வந்துடுச்சு, கன்னியப்பனும் அந்தோணியும் மேல ஏறிட்டாங்க. எட்டு டன்னும் நாலு போல்ட்டு மேல சட்டி மேல மூடி உட்கார்ற மாதிரி உட்கார்ந்தது. மார்செல் சார் ரசமட்டத்தை வெச்சுப் பார்த்தார். நடுவுல நின்ன குமிழைப் பார்க்கச் சொல்லி எங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில கேட்டுக்கு வெளியே கிரேன் நின்னுக்கிட்டிருந்தது. வரதன் சார் ஷெட்டுக்குள்ள வந்து, உட்கார்ந்திருந்த மெஷினை ரெண்டு சுத்து சுத்தினார். போல்ட்டுல பெருவிரலை வெச்சு அழுத்திப் பார்த்தார். எங்க யார் மூஞ்சியையும் பார்க்கலை. அவர் வாய் என்னிக்கு மாறியிருக்கு. போறபோக்குல சொன்னார்:

“டேய் ஏழுமலை, வெளிய கிரேன்காரன் நிக்கிறான், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. மீதி மூணு பொட்டியையும் எப்படா பிரிக்கப் போற?”

சேறு எங்க இருக்குன்னு சொல்ல வடக்குப்பட்டுலயே ஆள் இருந்தது, அந்த ஆள்கிட்ட என்னைக் கேக்க வெக்கத்தான் பிரான்ஸ்லருந்து ஒருத்தர் கப்பல் சாமானோட வர வேண்டியதாப் போச்சு.